வாய் கோணுவதும் வேப்பிலை அடிப்பதும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பெரிய வேதாந்த விஷயமல்ல. வாய் கோணிப்போவதைப் பற்றித்தான். இரவு நன்றாய்ப் படுத்தவன் காலையில் வாய் கொப்பளிக்கிறான். தண்ணீர் ஒரு பக்கமாய் வழிகிறது. ஒரு கண் மூடமாட்டேனென்கிறது. சிரித்தால் முகம் ஒரு பக்கம் இழுக்கிறது. உடனே வீட்டார், "புளியமரத்தடியில் போனான், பேய் அறைந்துவிட்டது" என்கிறார்கள். பூசாரி வருகிறார், வேப்பிலை, கயிறு, சேவல் எல்லாம் வருகின்றன. சோதிடரிடம் போனாலோ அது சனி. எள் விளக்கு ஒரு பக்கம், புரோகிதருக்குத் தட்சணை ஒரு பக்கம். பேய் அறைந்தது மெய்யானால் கன்னத்தில் ஐந்து விரலாவது பதிந்திருக்க வேண்டாமா என்று ஒருவரும் கேட்பதில்லை.

நடந்தது என்னவென்றால், முகத்தை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாய்ப் புறப்பட்டு, காதருகிலுள்ள எலும்புக்குள் ஒரு குறுகலான வழியாய் வெளியே வருகிறது. அந்த நரம்பு வீங்கினால் எலும்பு இடங்கொடுக்குமா? நரம்புதான் நசுங்கும். உதட்டோரத்தில் கொப்புளம் போடுகிற கிருமியே வீக்கத்துக்குக் காரணமாயிருக்கலாமென்று டாக்டர்கள் சந்தேகிக்கிறார்கள். இந்த முகவாதத்துக்குச் சார்லஸ் பெல் என்கிற ஸ்காத்லாந்து டாக்டரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1821-ல் அவர் கழுதையின் முகத்து நரம்பை அறுத்துப் பார்த்து, அதன் வேலை இன்னதென்று எழுதினார். அவர் நாஸ்திகருமல்ல, மனிதன் கையின் அமைப்பைக் கொண்டு கடவுளின் திறமையை விளக்க 1833-ல் ஒரு புத்தகமே போட்டவர். அப்படிப்பட்டவரும் கோணின முகத்தில் நரம்பைத் தேடினாரேயொழியப் பிசாசைத் தேடவில்லை.

சரி, பூசாரி மந்திரித்துப் பலருக்குக் குணமாயிருக்கிறதே என்பீர்கள். ஆகியிருக்கிறது, நாம் இல்லையென்று சொல்லவில்லை. டென்மார்க்கில் மருந்தே கொடுக்காமல் பல வருஷம் கவனித்து 2002-ல் வெளியிட்ட கணக்குப்படி, இந்த முகவாதம் வந்தவர்களில் 100-க்கு 71 பேருக்கு முகம் முழுவதும் பழையபடியாயிற்று. பெரும்பாலோருக்கு மூன்று வாரத்துக்குள்ளேயே அசைவு தெரிய ஆரம்பித்தது. இந்த 71 பேர்தான் பூசாரியின் மூலதனம்! மற்ற 29 பேர் வந்து கேட்டால், "உன் பக்தியில் குறை" என்று சொல்லி இன்னொரு சேவல் கேட்கலாம். இரண்டு வழியிலும் நஷ்டமில்லாத வியாபாரம் வேறென்ன இருக்கிறது?

டாக்டர்களோ தங்கள் மருந்தையே நம்பாமல் பரீட்சை பார்த்தார்கள். ஸ்காத்லாந்தில் 500 பேருக்கு மேல் சேர்த்து, முகம் கோணிய 72 மணி நேரத்துக்குள் சிலருக்குப் பிரெட்னிசோலோன் என்ற மாத்திரையும், சிலருக்குக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் மாத்திரையும் பத்து நாள் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, தின்றவருக்கும் தெரியாது. 2007-ல் முடிவு வெளிவந்தது. மூன்று மாதத்தில், பிரெட்னிசோலோன் சாப்பிட்டவர்களில் 100-க்கு 83 பேர் குணம்; சாப்பிடாதவர்களில் 64 பேர். ஒன்பது மாதத்தில் 94-ம் 82-ம். அசைக்ளோவிரால் பயன் காணவில்லையென்பதையும் மறைக்காமல் அச்சிட்டார்கள். எந்தப் பூசாரியாவது தன் மந்திரத்தில் இன்னது பலிக்கவில்லையென்று நோட்டீஸ் போட்டதுண்டா?

இங்கேதான் ஆபத்திருக்கிறது. அந்த 72 மணி நேரந்தான் மருந்துக்கு நல்ல காலம். அதையே பூசாரி மூன்று நாள் பூசையென்று வாங்கிக்கொள்ளுகிறார். மூடாத கண் இரவெல்லாம் காய்ந்து புண்ணாகிப் பார்வையே போகலாம். பகலில் சொட்டு மருந்தும், இரவில் களிம்பிட்டு இமையை மூடி ஒட்டுவதும் போதும். இதற்குச் செலவு ஒரு சேவல் விலைகூட ஆகாது.

அதைவிடப் பெரிது ஒன்று. வாய் கோணுவதெல்லாம் முகநரம்பு நோயல்ல. மூளையில் இரத்தக்குழாய் அடைத்தாலும் வாய் கோணும். புருவத்தைத் தூக்கச் சொன்னால் நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கி, வாய் மாத்திரம் தொங்கினாலோ, கைகால் சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது மூளை விஷயமாயிருக்கலாம். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். நெற்றியைப் பார்த்து வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காதில் வலியோடு கொப்புளம் இருந்தாலும் தாமதிக்கக்கூடாது. அதற்கு வைத்தியம் வேறு. நீரிழிவுக்காரர் நாம் சொன்ன மாத்திரையைக் கடையில் தாமே வாங்கித் தின்றால் சர்க்கரை ஏறிவிடும்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "வீட்டில் பெரியவர்கள் கேட்கமாட்டார்கள், மருந்தோடு மந்திரிப்பும் நடக்கலாமா?" என்று. முதலில் ஆஸ்பத்திரி, அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிறகு பூசாரி வந்தால் காதோரம் சூடு போடவோ, கண்ணில் எலுமிச்சஞ்சாறு பிழியவோ மாத்திரம் விடாதீர்கள். வேப்பிலைக் காற்றால் கெடுதியில்லை. குணமானதும் கூலி கேட்டு அவர்தான் முதலில் வந்து நிற்பார். மாத்திரைச் சீட்டை எடுத்துக் காட்டுங்கள்.