மரத்தை மட்டும் பார்த்தால் போதுமா?

விடுமுறையில் மாணவர்களைக் கிராமப்புறத்துக்கு அழைத்துப் போய் எழுதவும் வரையவும் வைக்கும் முகாம் தேவைதானா என்பது இன்றைய தலைப்பு. எஸ்பிஎம் தேர்வுக்கு இதனால் என்ன லாபம் என்று எதிரணி கேட்டது. நியாயமான கேள்விதான்.

சுபாங் ஜெயாவில் வளரும் பிள்ளையிடம் இயற்கையைப் பற்றிக் கட்டுரை கேட்டுப் பாருங்கள். சலசலக்கும் ஓடை, கூவும் குயில், தாமரைத் தடாகம் எல்லாம் வரும். அத்தனையும் பயிற்சி நூல் தந்தவை. வீட்டெதிரே அங்சானா மரம் மஞ்சள் பூவைச் சாலையெங்கும் கொட்டியிருக்கும். கட்டுரையில் அது வராது. பார்க்காததை எழுதி வாங்கும் மதிப்பெண் எத்தனை நாளைக்கு?

வங்காளத்தில் சாந்திநிகேதன் என்று ஓர் இடம். 1901-இல் தாகூர் அங்கே ஐந்தே மாணவர்களோடு பள்ளி தொடங்கினார். பாடம் மரத்தடியில் நடந்தது. 1919-இல் கலாபவனம் எழுந்தது. அங்கே ஆசிரியராக இருந்த ஓவியர் நந்தலால் போஸ் மாணவர்களை வெளியே அழைத்துப் போய் வரையச் செய்தார். 1925-இல் அங்கு மாணவராக வந்து சேர்ந்தவர் ராம்கிங்கர் பைஜ், எளிய குடும்பத்துப் பிள்ளை. 1938-இல் திறந்தவெளியில் ஒரு சிற்பம் செய்தார். பளிங்கு இல்லை, வெண்கலம் இல்லை. சிமெண்டும் செம்மண் சரளையும்தான். அதில் மரம், மலை, மயில் எதுவும் கிடையாது. வேலை தேடி ஊர் பெயரும் ஒரு சந்தால் தொழிலாளிக் குடும்பம். ஆணின் தோளில் கம்பு, அதில் தொங்கும் கூடையில் குழந்தை, பக்கத்தில் மனைவி, கூடவே நாய்.

அந்தத் தோள் கம்பைத் தோட்டத்துப் பெரியவர்கள் பார்த்தால் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: காண்டாக் கம்பு! பால் வாளி சுமந்த கம்பு அல்லவா?

இன்று மாடி வீடுகளும் பேரங்காடிகளும் நிற்கும் சுபாங் ஜெயா, 1970களின் நடுப்பகுதி வரை சீஃபீல்ட் தோட்டம். பெரட்டுக்கு விடியுமுன் எழுந்து ஓடிய தமிழர்கள் வாழ்ந்த மண். தோட்டம் போனது, லயமும் போனது. மூட்டை கட்டிக் கிளம்பிய குடும்பங்களின் கதையை யார் வரைந்தார்கள்? பேரப்பிள்ளைக்கு மங்கு என்றால் என்னவென்று தெரியாது. இதைவிடவா தாமரைத் தடாகம் பெரிது?

தூரமாகப் போக வேண்டியதில்லை. கெப்போங் வன ஆய்வுக் கழகக் காடு, ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920களிலிருந்து மனிதக் கையால் நட்டு வளர்த்தது. 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள கபூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும். அண்ணாந்து பார்த்த பிள்ளை அதை மறக்காது. கைப்பேசியை மட்டும் வாங்கி வைத்துவிடுங்கள்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். முகாமுக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு இருக்கை பால் வெட்டிய தாத்தா பாட்டிக்கு ஒதுக்குங்கள். மாலையில் அவர்கள் பேசட்டும், பிள்ளைகள் எழுதட்டும். மணி அடித்துவிட்டது தலைவர் அவர்களே.