செலாவணியும் செலவும்

(ஏற்காட்டிற் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் நாணய மாற்றைப் பற்றிப் பேச எழுந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். இலக்கணத்தை விட்டு இவன் வட்டிக்கடைக்குள் நுழைவானேன் என்று கேட்பாரும் இருப்பர். சங்கத்தார் இப்பொருளை எனக்கு இட்டமைக்குக் காரணம் உண்டு. நம்மவருள் பிள்ளைகளை அயல்நாட்டிற்குப் படிக்க அனுப்புவோர் பலர். அங்கே குடியேறிய மக்களைக் காணப் போய்வரக் கருதும் முதியோரும் பலர். அவர்கள் எழுதி வைத்த கணக்குகள் பிழைபட்டுப் போகின்றன. விடுதி வாடகை ஏறவில்லை, கல்லூரிச் சம்பளம் ஏறவில்லை, ஆயினும் நம் கைப்பணம் போதவில்லை. இஃது எங்ஙனம் என்று என்னிடமே கேட்டோர் உளர்.

முதற்கண் ஒரு சொல்லாராய்ச்சி. தமிழாசிரியனை மேடையேற்றினால் அதனைத் தவிர்க்க இயலாது. ‘செலவு’ என்னும் சொல் இன்று பணம் கழிதலையே குறிக்கின்றது. பழந்தமிழில் அதற்குப் போதல், பயணம் என்பனவே பொருள். பொருள் தேடப் பிரியக் கருதிய தலைவன், தலைவியின் வாட்டங் கண்டு தன் பயணத்தை நிறுத்திவைத்தலைச் ‘செலவழுங்குதல்’ என்பர். அங்ஙனம் நிறுத்துதல் பயணத்தை அடியோடு கைவிடுதலாகாது, அவளைத் தேற்றும்பொருட்டுச் சிறிது தாழ்த்தலேயாம் என்பது தொல்காப்பியர் கற்பியலில் உணர்த்தும் கருத்து. இன்று நம் வீடுகளிலும் செலவழுங்கல் நிகழ்கின்றது; வாட்டம் மட்டும் ரூபாயினுடையது.

இவ்வாட்டம் புதியதென்று எண்ணற்க. நாம் கூடியிருக்கும் இச்சேர்வராயன் மலையே அதனை முன்னர்க் கண்டிருக்கின்றது. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையிற் காப்பிப் பயிரைக் கொணர்ந்து நட்டார். பின்னர் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பலர் இங்கே குடியேறினர். வெயிலுக்கு ஒதுங்கிச் சமவெளி உத்தியோகஸ்தர்களும் வந்து தங்கினர். அந்நாளில் நம் ரூபாய் வெள்ளி, இங்கிலாந்தின் பவுனோ பொன். 1870-களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் இலண்டனில் ஏறக்குறைய 2 ஷில்லிங் பெற்றது. ஜெர்மனி முதலிய நாடுகள் வெள்ளியைத் தள்ளிப் பொன் நாணயத்திற்கு மாறின. அமெரிக்கச் சுரங்கங்களினின்று வெள்ளி பெருகி வந்தது. வெள்ளி விலை வீழவே ரூபாயும் உடன் வீழ்ந்தது. 1892-93-ஆம் ஆண்டில் ஒரு ரூபாய்க்குக் கிடைத்தவை 15 பென்ஸ் அளவே. இலண்டனில் 100 பவுன் வேண்டுமாயின் முன்னர் 1,000 ரூபாய் கட்டினால் போதும். அப்பொழுதோ 1,600 ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று.

ரூபாயிற் சம்பளம் பெற்ற துரைமார் தவித்தனர். விடுமுறைக்குச் சீமை செல்லுதல், பிள்ளைகளை அங்கே பள்ளியில் வைத்தல், மனைவிக்குப் பணம் அனுப்புதல் ஆகிய யாவும் ஒன்றரை மடங்கிற்கு மேலாயின. அவர்கள் முறையிட்டனர். 1893 ஜூன் 26-இல் அரசாங்கம் தனியார் வெள்ளியை நாணயமாக அடித்துக் கொடுத்தலை நிறுத்தியது. அவ்வாண்டிலேயே ஐரோப்பிய உத்தியோகஸ்தருக்கு நாணய மாற்று நட்டத்தை ஈடுசெய்யத் தனிப் படியும் அளித்தது. (அப்படியின் சுமை யார் தலையில் விழுந்ததென்று யான் சொல்ல வேண்டுவதில்லை, வரி கொடுத்தவன் நம் பாட்டன்.) சில ஆண்டுகளில் ரூபாய் 16 பென்ஸில், அதாவது பவுனுக்கு 15 ரூபாய் என நிலைபெற்றது.

காப்பித் தோட்டக்காரர் நிலை வேறு. அவர்கள் காப்பியை இலண்டனிற் பொன்னுக்கு விற்றனர். கூலியை இங்கே ரூபாயிற் கொடுத்தனர். உத்தியோகஸ்தரை வாட்டிய அதே வீழ்ச்சி தோட்டக்காரர் கணக்கில் வரவாக ஏறியது. ஒரே மலையில், ஒரே மேசையில் அமர்ந்து உண்ட இருவருக்கு ரூபாயின் சரிவு இருவேறு செய்தியாயிருந்தது. இதனை மனத்திற் கொள்ளுங்கள்.

நம் காலத்திற்கு வருவோம். 1947-இல் ஒரு ரூபாய் ஒரு டாலருக்குச் சமமாயிருந்தது என்று பலர் மேடைகளிலும் கூறுகின்றனர். அது கட்டுக்கதை. அன்று ரூபாய் 18 பென்ஸ் என்று பவுனோடு பிணிக்கப்பட்டிருந்தது. அக்கணக்கில் டாலர் 3 ரூபாய் 30 காசு அளவாகும். 1949 செப்டம்பரில் பவுனின் மதிப்பைக் குறைத்தபொழுது நம் ரூபாயும் உடன் இறங்கவே டாலர் 4.76 ஆயிற்று. 1966 ஜூன் 6-இல் 7.50 ஆயிற்று. 1991 ஜூலையில் இருமுறை குறைத்தனர். அவ்வாண்டின் இறுதியில் 26 ரூபாயை ஒட்டி நின்றது. 2022 தொடக்கத்தில் 74 அளவிலிருந்து, 2023 இறுதியில் 83-ஐத் தாண்டி, 2025 டிசம்பரில் 90-ஐயும் கடந்தது. 1991 முதல் 2025 வரை கூட்டிப் பார்ப்பின் டாலர் ஆண்டிற்கு மூன்றரை விழுக்காட்டிற்குச் சற்று மேலாக ஏறியிருக்கின்றது. ஆயின் அது படிப்படியாய் ஏறுவதன்று. சில ஆண்டு உறங்கும், பின்பு ஒரே பாய்ச்சலாய்ப் பாயும். உறங்கும் ஆண்டில் கணக்கெழுதியவரே ஏமாற்றமடைகின்றனர்.

நால்வர் அடங்கிய குடும்பம் அயல்நாட்டிற் செய்யும் செலவு 4,000 டாலர் என்று வைப்போம். 74 ரூபாயில் அது 2,96,000; 90 ரூபாயில் 3,60,000. அங்கே ஒரு காப்பியும் அதிகம் குடியாமல் 64,000 ரூபாய் கூடிவிட்டது.

எல்லா நாடுகளும் ஒருங்கே விலையேறுவதில்லை என்பதையும் அறிதல் வேண்டும். சிங்கப்பூர் வெள்ளி 1990-ஆம் ஆண்டளவில் பத்து ரூபாய்க்கு அருகிலிருந்து, 2025 இறுதியில் எழுபதை ஒட்டியது. ஜப்பானின் யென்னோ 2012-இல் டாலருக்கு 80 அளவிலிருந்து 2024 ஜூலையில் 160-க்கு வீழ்ந்தது. அது ரூபாயினும் விரைந்து வீழ்ந்தமையால் ஜப்பானியர் நாணயம் நமக்கு மலிந்தது. இலங்கை ரூபாய் 2022-இல் சில திங்களுக்குள் டாலருக்கு 200 அளவிலிருந்து 360 அளவிற்குச் சரிந்தது. நாம் கண்டிக்குப் போவது எளிதாயிற்று. யாழ்ப்பாணத்துத் தமிழர் சிதம்பரம் வந்து கும்பிட்டுப் போவதோ அவர்க்கு எட்டாத செலவாயிற்று. அதை எண்ணும்பொழுது நம் குறை சிறிதாகவே எனக்குத் தோன்றுகின்றது.

பயணத்தை ஓராண்டு தாழ்த்தலாம். படிப்பை அங்ஙனம் தாழ்த்த இயலாது. நாகலூர்ப் பக்கத்தில் சில ஏக்கர் காப்பி வைத்திருக்கும் நம்மவர் ஒருவர் 2021 ஆகஸ்டில் மகளை நான்காண்டுப் படிப்பிற்கு அனுப்பினார். சம்பளம் ஆண்டிற்கு 20,000 டாலர். அன்றைய 74 ரூபாய்க் கணக்கில் வங்கியார் 59,20,000 ரூபாய்க் கடனுக்கு இசைந்தனர். ஆனால் வங்கி பணத்தை ஒருங்கே அனுப்புவதில்லை. ஆண்டுதோறும் அன்றைய விலைக்கு டாலர் வாங்கி அனுப்பும். டாலர் 2022-இல் 79 ரூபாய் 50 காசு, 2023-இல் 83, 2024-இல் 84 என ஏறியது. நான்காண்டுச் சம்பளம் 64 லட்சத்தைக் கடந்தது. கடைசி ஆண்டில் ஏறக்குறைய ஐந்து லட்சம் குறைந்தது.

அவர் கையிருப்புக் காப்பியை விற்று ஈடுகட்டினார். காப்பி விலை நியூயார்க்குச் சந்தையில் டாலரில் முடிவாவது. ரூபாய் சரிந்தால், அங்கே விலை ஏறாவிடினும், இங்கே மூட்டைக்குச் சில நூறு கூடும். பழைய தோட்டக்காரர் பெற்ற அதே நலன் இவருக்கும் கிடைத்தது. அதனையும் மிகையாக எண்ணற்க. பொட்டாஷ் உரம் அயல்நாட்டினின்று வருவது, டீசலுக்குரிய கச்சா எண்ணெயும் பெரும்பாலும் அவ்வாறே, ஒரு கையால் வந்தது மறு கையால் ஓரளவு போகும்.

இதே நிலையிற் சேலத்தில் மாதச் சம்பளம் பெறும் மற்றொருவர் மனைவியின் வளையல்களை விற்றார். அவ்வம்மையார் அழுததாகக் கேள்வி. ஆயினும் பொன்னும் உலகச் சந்தையில் டாலரால் அளக்கப்படும் பொருளாதலின், ரூபாய் வீழ்ந்தபொழுது வளையலின் ரூபாய் விலை ஏறியே இருந்தது. வங்கி வைப்புத்தொகை செய்யாத உதவியை அது செய்தது. நகையாசையைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதும் நண்பர்கள் இதனையும் ஒரு வரி எழுதலாம்.

இனிச் செய்யத்தக்கவை சில. படிப்புக் கடன் கேட்கும்பொழுது அன்றைய விலைக்கு மேல் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கூட்டிக் கேளுங்கள். வேண்டாததை வாங்காது விடலாம், குறைந்ததை இடையிற் பெறுதல் கடினம். பயணத்திற்கு வேண்டும் அயல்நாணயத்தை ஒரே நாளில் வாங்காமல் மூன்று நான்கு தவணையில் அட்டையில் ஏற்றிக்கொள்ளின், ஏற்றிய நாளின் விலை நிலைத்து நிற்கும். விமான நிலையத்திற் பணம் மாற்றுதல் பெரும்பாலும் நட்டம். அயல்நாட்டுக் கடைக்காரன் “ரூபாயிலேயே எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று இன்முகத்தோடு கேட்பான். வேண்டா என்று கூறி அந்நாட்டு நாணயத்திலேயே கட்டுங்கள். அவன் இன்முகத்திற்கு விலை உண்டு. சுற்றுலா நிறுவனத்தார் முன்கூட்டிப் பிடிக்கும் வரியை வருமான வரிக் கணக்கிற் கழித்துக்கொள்ளலாம். ஆயினும் அதுவரை அது கையை விட்டுப் போன பணமே, முதற்கணக்கிலேயே எழுதுங்கள்.

நம் சங்கத்தின் கல்வி நிதியினின்று அயல்நாடு செல்லும் மாணவர்க்கு அளிக்கும் கடன் இதுகாறும் ரூபாயில் ஒரே தொகையாக வரையறுக்கப்பட்டு வருகின்றது. அத்தொகையில் ஒரு பகுதியைக் கடைசி ஆண்டிற்கென்று ஒதுக்கி வைத்து, அன்றைய குறைவை நிரப்பக் கொடுத்தல் நன்றென்று கருதுகின்றேன். முதலாண்டில் உதவுவோர் பலர் கிடைப்பர். நான்காம் ஆண்டில் கதவைத் தட்டவும் பெற்றோர் கூசுவர். இதற்குரிய கணக்குத் தாளைப் பொருளாளர் அவர்களிடம் கொடுத்திருக்கின்றேன். காண விரும்புவோர் பகலுணவிற்குப் பின் அவரிடம் கேட்டுக் காணலாம்.