பழைய மொறிஸ் மைனர் வாங்குவோருக்கு



கார் ஒன்றை வாங்க எண்ணுபவர், அது எவ்வளவு விரைவாக ஓடும் என்றே முதலிற் கேட்பார். எத்தனை பேரை ஏற்றும், எந்த வீதியில் ஓடும், பழுதுற்றால் யார் திருத்துவார் என்ற கேள்விகள் பின்னரே எழுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ பின்னைய கேள்விகளையே முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

எஞ்சினை முன்னே வைக்காமல், இருக்கைகளுக்குப் பின்னே, இரு அச்சுகளுக்கும் இடையில் வைத்து, இருவர் மட்டும் அமரத்தக்கதாய்ச் செய்த கார்கள் உண்டு. 1984இல் ஜப்பானிய ரொயோற்றா நிறுவனம் வெளியிட்ட எம்.ஆர். 2 அத்தகையது. பாரம் நடுவில் இருப்பதால் வளைவுகளில் வண்டி சாரதியின் கைக்கு உடனே இசைந்து திரும்பும். கடுகண்ணாவை ஏற்றத்தில் அதன் அருமை விளங்கும். குடாநாடு சமதரை; இங்கே வளைவு என்பது பெரும்பாலும் ஒழுங்கை முடக்கே. அங்கு வேண்டுவது விரைவன்று, வேலிக் கதியாலில் உரசாமல் திரும்பும் ஒடுக்கம். மேலும், நல்லூர்த் தேருக்குப் புறப்படும் குடும்பத்தில் எந்த இருவரை ஏற்றுவது, எவரை விட்டுச் செல்வது?

இந்தத் தேவைகளையெல்லாம் அறிந்து செய்தது போல வந்து சேர்ந்ததே மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வரைந்த இக்கார் 1948இல் இலண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. மாதிரி வண்டி ஒடுங்கியிருந்ததைக் கண்டு, அவர் அதனை நடுவால் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் அகட்டிப் பொருத்துவித்தார். அப்படி அகட்டியும் அதன் அகலம் 5 அடி 1 அங்குலமே. முதலில் 918 சி.சி., 1952 முதல் 803 சி.சி., 1956இல் 948 சி.சி., 1962இல் 1098 சி.சி. என எஞ்சின்கள் மாறின. ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஆகியவற்றோடு யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் உழைத்த கார் இது.

அந்த உழைப்பின் உச்சம் 1990இன் பின் வந்தது. போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெயில் கார் ஓடத் தொடங்கியது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இதற்கு இடங்கொடுத்தது பழைய எஞ்சினின் குறைந்த அழுத்த விகிதமே. 803 சி.சி. எஞ்சினில் அது 7க்குச் சற்று மேல். பிற்கால எஞ்சின்களில் 10ஐ எட்டும். அவற்றில் மண்ணெண்ணெய் ஊற்றினால் தட்டி உடையும். நோயாளியை வைத்தியசாலைக்கும், முதியோரை இடப்பெயர்வுப் பாதைகளிலும் கொண்டு சென்றவை இந்தப் பழைய கார்களே. ஆனால் அச்சேவைக்கு எஞ்சின் விலை கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்ப்பிக்கும், பேரிங்குகள் தேயும்.

ஆகவே இன்று மைனர் வாங்குவோர் எஞ்சினைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் அவ்வளவாகத் தேவையில்லை. எஞ்சினை இறக்கலாம், திருத்தலாம், மாற்றலாம். யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளுக்கு அது பழகிய வேலை. அஞ்ச வேண்டியது கறளுக்கு. இந்தக் காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடல் தகடே அடிச்சட்டமுமாய்ப் பாரத்தைத் தாங்குகிறது. பருத்தித்துறையிலும் காங்கேசன்துறையிலும் உப்புக் காற்றில் நின்ற வண்டி மேலே கண்ணாடிபோல் மினுங்கலாம், கீழே பொரிந்திருக்கலாம். புதிதாக வர்ணம் பூசிய காரைக் கண்டால் மகிழ்வதை விடச் சந்தேகிப்பதே பொருந்தும். கால்மிதி விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கதவின் கீழ்விளிம்பையும், ஜக் வைக்கும் இடத்தையும், பின் வில்லுகள் பொருந்தும் இடத்தையும் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். விற்பவர் முகஞ்சுளித்தால் சுளிக்கட்டும். ஓட்டையை அடைத்துத் தார் பூசி மறைத்த தகடு, மைனரில் எந்த எஞ்சின் கோளாறையும் விடப் பெரிய செலவை உண்டாக்கும்.

தகடு கிடைக்காது என்பதும் முழு உண்மையன்று. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயர் நடத்திய மொறிஸ் மைனர் நிலையத்துக்கென இலங்கையிலேயே உடற்பாகங்கள் செய்து அனுப்பப்பட்டதுண்டு. ஆயினும் தகட்டை வெட்டி ஒட்டும் கைத்திறனுள்ளவரைத் தேடிப் பிடிப்பதே கடினம்.

அடுத்தது முன்சக்கரம். அதன் மேலும் கீழும் திருகுமரையோடு கூடிய மூட்டுகள் இருக்கின்றன. கீழ்மூட்டுக்குக் காலந்தோறும் கிரீஸ் ஏற்றாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் வண்டியின் கீழே சாய்ந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதே இது நேரும். விரைவில் நேர்ந்தால் விபரீதம். பிறேக்கின் தலைமைச் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழே இருப்பதால், அதனைத் திருத்துவதைப் பலர் தள்ளிப் போடுவர். கைக்கு எட்டாத இடத்தில் வைத்தது வடிவமைத்தவரின் குற்றமென்றே சொல்லலாம். நமது கிணற்று நீரும் ஒன்று செய்கிறது. சுண்ணக்கல் நீரை றேடியேற்றருக்குள் ஊற்றி ஊற்றி, குழாய்களில் வெள்ளைப்படிவு கட்டி, நண்பகலில் எஞ்சின் கொதிக்கும். மூடியைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, என்று சொல்லவும் வேண்டுமோ!

பதிவுப் புத்தகத்தை மறக்கலாகாது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீடுகளோடு பத்திரங்களும் அழிந்தன. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண், அடித்தள எண் இரண்டும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே விலை பேச வேண்டும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய கார்களுக்கும் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கிவிட்டதை, விலை பேசும்போது வாங்குபவர் நினைவூட்டலாம்.

கடைசியாக, நால்வரை ஏற்றி நாவற்குழி வரை ஓட்டித் திரும்பி, முற்றத்து மணலில் ஓரிரவு நிறுத்தி வைப்பது நலம். காலையில் எஞ்சினுக்கு நேர்கீழே இரண்டொரு எண்ணெய்த் துளி காணப்பட்டால் அது அந்த எஞ்சினுக்கு இயல்பே. சக்கரத்தின் உட்புறம் ஈரமாயிருந்தால் அது பிறேக் எண்ணெய். அதனைத் திருத்துவித்துத் தந்தபின் பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.