சென்னைக்கு வந்து போன ஐவர் அணி

(எருமப்பட்டி குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பள்ளியில் மைதானமே இல்லை, கால்பந்து எங்கே ஆடுவது?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. அதற்குப் பதிலாக, இரண்டே ஆண்டுகள் இருந்த ஓர் அணியின் கதையைச் சொல்கிறேன்.

2016 ஜூலையில் 'பிரீமியர் ஃபுட்சால்' என்ற தொழில்முறைப் போட்டி தொடங்கியது. ஃபுட்சால் என்பது அணிக்கு ஐந்து பேர் உள்ளரங்கில் ஆடும் கால்பந்து. ஆறு அணிகளில் சென்னையும் ஒன்று. சென்னை நேரு உள்விளையாட்டரங்கிலும் கோவாவிலும் ஆட்டங்கள் நடந்தன. சென்னை அணிக்காக ஆட வந்தவர் பிரேசிலின் ஃபால்காவ். 2008, 2012 ஃபுட்சால் உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் இருந்தவர். மற்ற அணிகளுக்கு ரொனால்டினோ, ரையான் கிக்ஸ், பால் ஸ்கோல்ஸ் வந்தார்கள். போட்டிக்கான பாடலுக்கு ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார். விளம்பரத் தூதர் விராட் கோலி.

சென்னை அணி அரையிறுதியை எட்டவில்லை. 2017இல் 'சென்னை சிங்கம்ஸ்' என்று பெயர் மாறியது. அதன்பின் போட்டியும் நடக்கவில்லை, அணியும் இல்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அந்தப் போட்டியை அங்கீகரிக்கவில்லை. பள்ளி, மாவட்டம் என்று படிப்படியாக வளர்ந்த அணியாகவும் அது இல்லை. நட்சத்திரங்கள் ஊருக்குத் திரும்பியதும் இங்கே தொடர்ந்து ஆட ஆள் இல்லை. இந்திய தேசிய ஃபுட்சால் அணி முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டியில் ஆடியதே 2023இல்தான்.

ஆனால் இந்த விளையாட்டு பிறந்த கதை வேறு. 1930இல் உருகுவே நாட்டின் மான்டிவிடியோ நகரில், ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிய உடற்கல்வி ஆசிரியர் ஹுவான் கார்லோஸ் செரியானி இதை உருவாக்கினார். கூடைப்பந்திலிருந்து ஐந்து பேர், கைப்பந்திலிருந்து ஆடுகள அளவு, நீர்ப்பந்திலிருந்து கோல்காப்பாளர் விதிகள் என எடுத்துக்கொண்டார். நம் மாநிலத்து உடற்கல்வி ஆசிரியர்கள் பலரை உருவாக்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியும் 1920இல் அதே இயக்கத்தில் தோன்றியதுதான்.

நம் பள்ளிகளுக்கு இதில் மூன்று வசதிகள் உண்டு. ஒன்று, இடம். முழு ஆடுகளமே சுமார் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம்தான். சிறு பிள்ளைகளுக்குப் பாதி போதும். கல் பொறுக்கிய மண்தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடலாம். இரண்டு, பந்து. 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 50 முதல் 65 செ.மீ. வரைதான் எழும்ப வேண்டும். சாதாரணப் பந்தில் காற்றைக் குறைத்துப் பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும்; அதுவே ஓர் அறிவியல் செயல்பாடு. மூன்று, மாற்று ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால், முப்பது பேர் உள்ள வகுப்பில் மாணவிகள் உட்பட ஒருவர்கூட முழு நேரமும் ஓரத்தில் நிற்க வேண்டியதில்லை.

உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் இல்லாத பள்ளிகளில் வகுப்பாசிரியரே இதை நடத்தலாம். பாடம் முடியவில்லை என்று விளையாட்டுப் பாடவேளையைக் கடன் கேட்பது எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். வாரத்தில் ஒரு பாடவேளையையாவது கொடுக்காமல் வைத்திருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஐவர் ஆட்டம் நடந்திருக்கட்டும்.