பைக்கற்றின் பின்பக்கம்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு ஈச்சிலம்பற்றில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நீரிழிவைப் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டார். விசுக்கோத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சிரித்தார். இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கிளினிக்குக்கு ஓர் அம்மா வருவார். வயது அறுபதுக்கு மேல். குளிசை ஒழுங்காக எடுக்கிறார், ஆனாலும் இரத்தத்தில் சீனி குறையவில்லை. "தேத்தண்ணிக்குச் சீனி போடுறதை விட்டு மூண்டு வருசம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வெறும் தேத்தண்ணியோடு என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "ஒண்டுமில்ல மகள், நாலு விசுக்கோத்துத்தான்." காலையில் நாலு, பின்னேரம் நாலு.

கணக்குப் பார்ப்போம். ஒரு விசுக்கோத்து 6 கிராம் என்று வைத்தால் எட்டும் 48 கிராம். பைக்கற்றில் 100 கிராமுக்கு 20 கிராம் சீனி என்று போட்டிருந்தால், அவர் சாப்பிடுவது ஏறக்குறைய 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி. கோப்பையிலிருந்து எடுத்த சீனி பைக்கற் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. அதற்கு மேல் கோதுமை மா. அதுவும் குருதியில் குளுக்கோசாகத்தான் போய்ச் சேரும்.

நான் அவரை ஏசவில்லை. எங்கள் ஊரில் விசுக்கோத்து வெறும் தின்பண்டம் அல்ல. வருத்தக்காரரைப் பார்க்கப் போனால் ஒரு பைக்கற்றோடுதான் போவோம். சிலோன் பிஸ்கட்ஸ் நிறுவனம் 1968இல் தொடங்கியதே பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சத்துணவு விசுக்கோத்துச் செய்து கொடுக்கத்தான். 2004 சுனாமிக்குப் பின்னும், 2006இல் இங்கிருந்து வாகரைக்கும் பிறகு மட்டக்களப்புக்கும் சனம் இடம்பெயர்ந்த போதும், அடுப்பு மூட்ட வழியில்லாத இடத்தில் பிள்ளைகளின் பசியை ஆற்றியது ஒரு விசுக்கோத்துப் பைக்கற். அந்த நன்றி நியாயமானது. ஆனால் இடம்பெயர்ந்த காலத்துச் சாப்பாடு ஊர் திரும்பிய பிறகும் வீட்டை விட்டுப் போகவில்லை. அதுதான் இன்றைய பிரச்சினை.

பைக்கற்றின் பின்பக்கத்தைத் திருப்பினால் பலருக்குப் பயம் தருவது இலக்கங்கள். முதலில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் தெளிவாக்குவோம். 500 என்பது நாங்கள் அப்பத்துக்குப் போடும் சோடா. 503 அமோனியம் பைகாபனேற்று; போறணைச் சூட்டில் வாயுவாகி, விசுக்கோத்தைப் பொருமச் செய்துவிட்டுப் போய்விடும். 322 லெசித்தின், முட்டை மஞ்சட்கருவிலும் அதுதான் எண்ணெயையும் நீரையும் ஒன்றுசேர்க்கிறது. இலக்கம் இருப்பதால் மட்டும் ஒரு பொருள் நஞ்சாகிவிடாது.

ஆனால் ஒரு கேள்வி கேளுங்கள். வீட்டில் அவித்த கேக் நாலைந்து நாளில் காய்ந்துவிடும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். உறையில் வரும் கேக் மாதக்கணக்கில் மெதுமையாக இருப்பது எப்படி? அதில் மாயம் எதுவும் இல்லை. சீனி, குளுக்கோஸ் பாகு, கிளிசரின் (422), சோபிற்றோல் (420) ஆகியவை நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கேக் ஈரமாகவே இருக்கும், ஆனால் அந்த ஈரம் பூஞ்சணத்துக்குக் கிடைக்காது. 202, 282 போன்ற பாதுகாப்புப் பொருட்கள் அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றன. 471 மாப்பொருள் இறுகுவதைப் பிந்தச் செய்கிறது. எண்ணெய் காறாமல் 319 அல்லது 320 சேர்க்கப்படுகிறது. காற்றுப் புகாத உறை மிச்ச வேலையைச் செய்கிறது.

இவற்றில் சிலரைப் பாதிப்பவையும் உண்டு. விசுக்கோத்து மாவை இளக்கச் சேர்க்கும் 223 ஒரு சல்பைற்று. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது இழுப்பைக் கிளப்பலாம். 102, 110 போன்ற நிறமூட்டிகள் சேர்ந்த உணவுகளில், பிள்ளைகளின் செயற்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் கட்டாயம். அங்கே வாழும் சகோதரிகள் இதைக் கடைகளில் கண்டிருப்பீர்கள். ஐதரசன் ஏற்றி இறுக்கிய எண்ணெய் முழுமையாக இறுக்கப்படாவிட்டால் அதில் மாறுபக்கக் கொழுப்பு இருக்கும். அது இருதய நோயைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் அதை 2023க்குள் உணவுத் தொழிலிலிருந்து அகற்றும்படி 2018இல் உலக நாடுகளைக் கேட்டது.

இருந்தாலும் என் கிளினிக்கை நிரப்புவது இந்த இலக்கங்கள் அல்ல. சீனியும் கொழுப்பும் உப்பும், அவை அளவறியாமல் உள்ளே போவதும்தான். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. 20 பேருக்கு இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார்கள். முன்வைத்த உணவில் சீனி, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் சம அளவு. விரும்பிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, நிறையும் கூடினார்கள். வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்ல வேலையில்லாத உணவு, "போதும்" என்று வயிறு சொல்வதற்குள் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் கடையில் என்ன பார்ப்பது? மூன்று விடயங்கள்.

முதலாவது, சேர்மானப் பட்டியல் நிறை கூடியதிலிருந்து குறைந்ததை நோக்கிப் போகும். சீனி, குளுக்கோஸ் பாகு, நேர்மாறல் பாகு என்று மூன்று பெயரில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். மூன்றையும் மனதில் கூட்டுங்கள்.

இரண்டாவது, முன்பக்க நிறவட்டங்கள். எங்கள் நாட்டில் குளிர்பானங்களுக்கு 2016இலும், மற்ற உணவுகளுக்கு 2019இலும் வந்தவை. 100 கிராமில் சீனி 22 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. 8 முதல் 22 வரை செம்மஞ்சள். நிறம் சொல்வது 100 கிராமின் கதையை மட்டுமே. அந்த அம்மாவின் விசுக்கோத்து செம்மஞ்சள்தான். எத்தனை எடுக்கிறோம் என்பதை நிறம் சொல்லாது.

மூன்றாவது, உங்கள் எல்லை. ஒரு நாளில் 2000 கலோரி உண்பவருக்குச் சேர்த்த சீனி 50 கிராமுக்குள், இயன்றால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. சீனி சிவப்பில் உள்ள 100 கிராம் பைக்கற் ஒன்றே அந்த 25ஐ ஏறக்குறைய முடித்துவிடும்.

கடைசியாக எங்கள் சங்கத்துக்கே ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் போட்டிக்கும் வாணி விழாவுக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கும் பையில் ஓர் உறைக் கேக், ஒரு விசுக்கோத்து, ஓர் இனிப்புப் பானம். லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் சகோதரிகள் அன்போடு அனுப்பும் காசு அது. அந்த அன்பில் குறையில்லை. அடுத்த வருடம் அதே காசுக்கு அவித்த கடலையும் கௌப்பியும் எள்ளுருண்டையும் வாழைப்பழமும் கொடுப்போம். அவிக்கவும் உருட்டவும் இந்த ஊரிலேயே கைகள் இருக்கின்றன. காசும் அந்தப் பெண்களின் கைக்குப் போகட்டும். கேக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறந்தநாளுக்கு வீட்டில் அவியுங்கள், வெட்டிப் பகிர்ந்து உண்ணுங்கள். அதிலும் சீனிதான், ஆனால் அது வருடத்தில் சில நாள்.

அந்த அம்மா அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது ஒரு சிறு சரையில் அவித்த பயறு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "நாலு விசுக்கோத்தை ரெண்டாக்கிப்போட்டன். முழுக்க விட ஏலாது மகள்" என்றார். அவரது சீனி அளவு அன்று சற்றே இறங்கியிருந்தது. எனக்கு அது போதும். நாங்களும் அந்த அளவில் தொடங்குவோம்.