டெல்ஃப்ற் நகரும் எங்கள் நெடுந்தீவும்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். காரைதீவு அம்ஸ்ரர்டாம். வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லெய்டன். புங்குடுதீவு மிடில்பேர்க். நயினாதீவு ஹார்லெம். அனலைதீவு றொட்டர்டாம். நெடுந்தீவு டெல்ஃப்ற். தங்கள் தேசத்து நகரங்களைக் கொண்டுவந்து நமது கடலில் மிதக்க விட்டதுபோல இருக்கிறது. இவற்றுட் பல பழைய வரைபடங்களோடு போய்விட்டன. அரசாங்கத்தின் ஆங்கிலக் கடிதங்களில் இன்றும் அழுத்தமாக நிற்கும் பெயர் டெல்ஃப்ற் ஒன்றுதான்.

நெதர்லாந்தில் எனக்கு மூன்று நாள் தங்கக் கிடைத்தபோது, அழைத்த பழைய மாணவர் அம்ஸ்ரர்டாமைச் சுற்றிக் காட்டவே திட்டமிட்டிருந்தார். "சேர், டெல்ஃப்றிலை அப்பிடிப் பெரிசாய் ஒண்டும் இல்லை, ஒரு நாள் காணும்" என்றார். எனக்கு இரண்டு நாள் வேண்டியிருந்தது. ஒரு நாள் நகரத்துக்கு, மற்ற நாள் அதைச் சூழ்ந்த வயல்வெளிக்கு. சோற்றுக்கு நெல் வந்த வழியைப் பாராமல் ஊரைப் பார்த்தேன் என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

றொட்டர்டாமிலிருந்து புகையிரதத்தில் கால்மணி நேரம். இறங்கிச் சில நிமிடம் நடந்தால் வாய்க்கால்கள் தொடங்கிவிடுகின்றன. வீதிக்கு நடுவே நீர், அதன் இரு கரையிலும் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் ஒடுங்கி உயர்ந்த செங்கல் வீடுகள். வாய்க்காலுக்கு வாய்க்கால் வில்போல் வளைந்த சிறு பாலங்கள். சந்தைச் சதுக்கத்தின் ஒரு பக்கம் புதிய தேவாலயம். பெயர்தான் புதியது, கட்டத் தொடங்கியது 14ஆம் நூற்றாண்டில். ஸ்பானியருக்கு எதிராக எழுந்த ஒறேஞ்சு இளவரசர் வில்லியம் 1584இல் இந்த நகரத்திலேதான் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய சமாதி அதற்குள் இருக்கிறது. பழைய தேவாலயத்தின் கோபுரமோ கண்ணுக்குத் தெரியச் சரிந்து நிற்கிறது. வாய்க்கால் ஒன்றைத் தூர்த்த நிலத்தில் எழுப்பியதன் பலன். தண்ணீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை.

டெல்ஃப்ற் என்ற சொல்லுக்கே 'தோண்டியது' என்பதுதான் பொருள். நகரத்தின் மிகப் பழைய வாய்க்காலுக்கு இன்றும் 'பழைய டெல்ஃப்ற்' என்றே பெயர். முதலில் வாய்க்காலைத் தோண்டினார்கள். அந்த வாய்க்காலின் பெயர் பிறகு ஊருக்கு வந்தது.

அந்த வாய்க்காற்கரையில் ஒரு கட்டடம் இருக்கிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் டெல்ஃப்ற்க் கிளை இயங்கிய இல்லம் அது. கம்பனிக்கு ஆறு நகரங்களில் ஆறு கிளைகள்: அம்ஸ்ரர்டாம், மிடில்பேர்க், டெல்ஃப்ற், றொட்டர்டாம், ஹூர்ண், எங்கைசன். நான் முதலில் சொன்ன தீவுகளின் பட்டியலோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், பெயர் வைத்தவர்களின் மனம் எங்கே இருந்தது என்பது விளங்கும். முதல் போட்ட ஊர்களின் பேரேடு அது. கவிதை ஒன்றும் இல்லை.

1632ஆம் ஆண்டு டெல்ஃப்றுக்கு விசேடமான ஆண்டு. ஓவியர் வெர்மேயர் அந்த ஆண்டு இங்கே பிறந்தார். நுண்ணோக்கியினூடாக ஒரு துளி நீருக்குள் உயிர்களைக் கண்ட லேவன்ஹூக்கும் அதே ஆண்டு இங்கே பிறந்தார். இவர்கள் இருவரையும் உலகம் அறியும். அதே ஆண்டு, அதே ஊரில் பிறந்த மூன்றாமவரை நாம்தான் அதிகம் அறிவோம். அவர் பிலிப்பஸ் பல்தேயஸ் பாதிரியார். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வந்தபோது படையோடு வந்த மதகுரு. 1660களின் நடுப்பகுதி வரை நம்மிடையே இருந்து, ஊர் ஊராகக் கோவிற்பற்றுகளையும் பள்ளிக்கூடங்களையும் பார்வையிட்டவர். மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றிய அவருடைய பெருநூல், அவர் இறந்த மறுவருடமான 1672இல் அம்ஸ்ரர்டாமில் அச்சாயிற்று. அதிலே தமிழெழுத்துக்களும் ஒரு சிறு தமிழ் இலக்கணக் குறிப்பும் இடம்பெற்றுள்ளன. நமது சமயத்தைப் பற்றி எழுதிய பகுதியிற் பெருமளவை பெனிசியோ என்ற கத்தோலிக்கப் பாதிரியாரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து சொல்லாமல் எடுத்துக்கொண்டார் என்று ஆராய்ச்சியாளர் பின்னாளில் காட்டினார்கள். இருந்தாலும் அந்த நூலின் பயன் குறைந்துவிடவில்லை. நெடுந்தீவுக்குத் தன் பிறந்த ஊரின் பெயரை இட்டவர் அவர்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பெயரைத் தன் நூலில் எழுதும்போது அவர் கை ஒரு கணம் தயங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெர்மேயர் வரைந்த டெல்ஃப்ற் நகரக் காட்சியை டெல்ஃப்றிலே பார்க்க முடியாது. அது பக்கத்து ஹேக் நகரத்து மொறிற்ஸ்ஹைஸ் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவர் வரைந்தவையாகக் கிடைக்கும் முப்பத்தைந்து வரையான ஓவியங்களுள் ஒன்றாயினும் அவருடைய சொந்த ஊரில் இல்லை. அந்த ஓவியத்தில் மேகம் சற்று விலக, நகரத்தின் உட்பகுதியில் வெயில் விழுகிறது, நீர் அசையவில்லை. எத்தனை அமைதி! ஆனால் அதை வரைவதற்கு ஆறேழு வருடம் முன்னர், 1654 ஒக்டோபர் 12ஆம் திகதி, வெடிமருந்துக் களஞ்சியம் வெடித்து அந்த நகரத்தின் ஒரு பெரிய பகுதி தரைமட்டமாகியது. வன் டெர் பூல் என்ற ஓவியர் அந்த அழிவையே மீண்டும் மீண்டும் வரைந்தார். வெர்மேயர் வெயிலை வரைந்தார். இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்; இரண்டும் உண்மையே. நமது எழுத்தாளர்களை ஒருவர் ஏன் போரை எழுதினார், மற்றவர் ஏன் எழுதவில்லை என்று விசாரணைக்கு நிறுத்துகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கலாம்.

நீல வண்ணத்து டெல்ஃப்ற்ப் பீங்கானைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கடைகளெல்லாம் அதுதான். சீனத்திலே மிங் ஆட்சி கவிழ்ந்த குழப்பத்தில் சீனப் பீங்கானின் வரத்துக் குறைய, அதைப் பார்த்துச் செய்து பேரெடுத்தார்கள். இரவல் வாங்கியதும் இரண்டு தலைமுறை கழிந்தால் சொந்தமாகிவிடும் போலிருக்கிறது.

மறுநாட் காலை மாணவரின் தாயாரும் எங்களோடு வந்தார். நெடுந்தீவிற் பிறந்து வளர்ந்தவர். 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்த கொலைகளுக்குப் பிறகு தீவை விட்டவர். எழுபது வயதைத் தாண்டியும் நடையில் தளர்ச்சி இல்லை. வழியிலே தன் கதை ஒன்றைச் சொன்னார்.

"என்ரை பிறப்புச் சான்றிதழை இங்கிலீசிலை மாத்தேக்கை பிறந்த இடம் டெல்ஃப்ற் எண்டு போட்டுக் குடுத்திட்டாங்கள் மாஸ்ரர். இஞ்சை பதிவுக்குப் போனால், அந்த மேசையிலை இருந்த பிள்ளை என்னை ஒருக்காப் பாக்குது, கடதாசியை ஒருக்காப் பாக்குது. டெல்ஃப்றிலை பிறந்த உங்களுக்கு எங்கடை பாஷை ஏன் தெரியேல்லை எண்டு கேட்டுது. மகன் படம் கீறித்தான் விளங்கப்படுத்தினவன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் யாரோ ஒரு பேரேட்டில் எழுதிய சொல், ஒரு முதிய தாயைத் தன் பிறந்த மண்ணுக்கே சாட்சி சொல்ல வைத்திருக்கிறது. தமிழிலே நெடுந்தீவு என்று எழுதுவதை அப்படியே ஆங்கில எழுத்திலும் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

நகரத்துக்கு மேற்கே கொஞ்சத் தூரத்தில் ஸ்கிப்லௌடன் என்ற சிற்றூர். அங்கிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல்வெளி. ஹேக் நகரத்துக்கும் றொட்டர்டாமுக்கும் இடையில் அகப்பட்ட நிலம் இது. இரண்டு பெருநகரங்களும் அதை விழுங்கியிருக்கும். 1977இல் தனிச்சட்டம் ஒன்றை இயற்றி அந்த வெளியைக் காப்பாற்றினார்கள். நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே. வடிக்க வடிக்க மண் இறங்குகிறது, இறங்க இறங்க மேலும் வடிக்க வேண்டியிருக்கிறது. முன்பு காற்றாலைகள் செய்த வேலையை இப்போது இயந்திரங்கள் செய்கின்றன. இந்த நீரையெல்லாம் பரிபாலிக்கும் டெல்ஃப்லாந்து நீர்ச்சபையின் பழமை 1289 வரை போகிறது. ஸ்பானியர் போனார், கம்பனியும் போயிற்று. நீர்ச்சபை இருக்கிறது.

வெளி நிறையக் கறுப்பும் வெள்ளையுமான மாடுகள். எனக்குப் போர்த்துக்கேயர் ஞாபகம் வந்தது. அவர்கள் நெடுந்தீவைப் பசுக்களின் தீவு என்றே தங்கள் மொழியில் அழைத்தார்கள். பசுத்தீவு என்ற பெயர் நம்மிடமும் உண்டு. கண்ணால் கண்டதை வைத்து இட்ட பெயர் அது. அதை அழித்து ஒல்லாந்தர் தங்கள் நகரத்தின் பெயரை வைத்தார்கள். அந்த நகரத்தைத் தேடி வந்தால் அதன் கொல்லையிலும் பசுக்களே நிற்கின்றன.

"வேலி ஒண்டையும் காணேல்லை" என்றார் அந்தத் தாயார். உண்மைதான். ஒரு காணிக்கும் மறு காணிக்கும் நடுவே ஒடுங்கிய வாய்க்கால் ஓடுகிறது. மாடு அதைத் தாண்டாது. நெடுந்தீவில் நிலத்திலிருந்து கிளப்பிய முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாந்தில்லாமல் அடுக்கி வேலி கட்டியிருக்கிறார்கள். குறிகட்டுவானில் படகேறி ஒருமணி நேரம் கடலைக் கடந்து போகிறவர்கள் முதலில் வியப்பது அந்தக் கல்வேலிகளைத்தான். இங்கே தோண்டிய பள்ளமே வேலி. அங்கே தோண்டியெடுத்த கல் வேலி. 'தோண்டியது' என்ற பெயர் தெரியாத்தனமாக வைத்தாலும் நமது தீவுக்கு அவ்வளவு பொருந்தாமலும் போகவில்லை.

தாயார் வாய்க்கால் ஓரமாகக் குனிந்து பார்த்தார்.

"உந்தத் தண்ணி நல்ல தண்ணியோ மாஸ்ரர், உப்போ?"

இரண்டு நாளாகப் புத்தகமும் வரைபடமுமாகத் திரிந்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவேயில்லை. சாராப்பிட்டிக் கிணறுகளில் குடம் வைத்து நீர் அள்ளிச் சுமந்த ஒருவருக்கு எந்த ஊரிலும் முதற்கேள்வி அதுதான். நெடுந்தீவின் நன்னீர் மழையால் வந்து, உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பது. அவசரப்பட்டு அள்ளினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும்.

மாடு மேய்த்துக்கொண்டு நின்ற ஒரு கமக்காரரிடம் மாணவர் அதை ஒல்லாந்து மொழியிற் கேட்டார். மழைக்காலத்தில் நல்ல தண்ணீர்தானாம். நீண்ட கோடையில் அடியிலிருந்து உப்பு ஊறும். அப்போது வேறிடத்திலிருந்து நன்னீரைக் கொண்டுவந்து பாய்ச்சி வாய்க்காலைக் கழுவுவார்களாம்.

"எங்கையிருந்து கொண்டு வாறாங்களாம்?" என்று கேட்டார் தாயார்.

கமக்காரர் தெற்கே ஆறு இருக்கும் பக்கமாகக் கையை நீட்டினார். தாயார் அந்தத் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கிணறு எத்தனை முழம் தோண்டுவார்கள் என்று கேட்கச் சொன்னார். முழத்துக்கு ஒல்லாந்து மொழியில் என்ன சொல்வதென்று மகன் யோசித்துக்கொண்டிருக்க, பேருந்து வந்துவிட்டது.