பேச்சு மொழிச் சிகிச்சை பயிலப் புறப்படுவோர்க்கு

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"உமக்குத் தெரிந்த ஒரு விடயத்தைப் பற்றிப் பேசும்" என்று காரியதரிசி அவர்கள் பணித்தபோது, பேச்சைப் பற்றியே பேசுவதெனத் துணிந்தோம். பேச்சு மூச்சைப் போன்றது. உள்ளவரை அதனை நாம் நினைப்பதில்லை. அது போன வீட்டிலே அதனைத் தவிர வேறு நினைவில்லை.

அப்படிப்பட்ட ஒரு வீடு எமது அயலிலே உண்டு. அவ்வீட்டுப் பெரியவர் கரைவலைச் சம்மாட்டியாக இருந்தவர். அவர் குரல் கொடுத்தால் கடற்கரை முழுவதும் கேட்கும். ஒருநாள் விடியற்காலையிலே பாரிசவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போயின. கை சிறிது திரும்பிற்று; பேச்சுத் திரும்பவில்லை. தண்ணீர் வேண்டினாலும் ஒரே சொல், பேரப்பிள்ளையை அழைத்தாலும் அதே ஒரே சொல். ஆனால், வலை இழுக்கும் வேளையிலே கரையில் கொண்டுபோய் இருத்தினால், இளைஞர் அம்பா பாடும்போது அவரும் சேர்ந்து பாடுவார், சொற்களோடு. பார்த்தவர்கள், "இவருக்குப் பேச வரும், பிடிவாதத்தினாலே பேசாமல் இருக்கிறார்" என்றார்கள். அந்தச் சொல் அவர் காதில் விழுந்தபோது அவர் கண்கள் கலங்கியதை நாம் கண்டோம்.

அது பிடிவாதமன்று, நோய். 1861ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்தில் போல் புறோக்கா என்னும் வைத்தியர், "தான்" என்ற ஓர் அசையை மட்டுமே சொல்லவல்ல நோயாளி ஒருவரை ஆராய்ந்தார். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடப்பக்கத்தின் முற்பகுதி பழுதுற்றிருந்தது. அவ்வாறு சொல்லை இழந்தவர்க்கும் பாட்டு எஞ்சியிருப்பதுண்டு. அதனையே படியாகக் கொண்டு, இசையிலிருந்து சொல்லுக்கு நோயாளியை அழைத்துவரும் சிகிச்சை முறை ஒன்றினை 1973இல் அமெரிக்காவில் அல்பேட், ஸ்பாக்ஸ், ஹெல்ம் என்னும் மூவர் வெளியிட்டார்கள். நமது சம்மாட்டியார்க்கு அம்பாப் பாட்டே அந்தப் படியாகலாம் அன்றோ? ஆனால் அந்தப் படியில் அவரை ஏற்றிவிட, அம்முறையும் தெரிந்து அம்பாவும் தெரிந்த ஒருவர் வேண்டும். அத்தகைய ஒருவர் இக்கரையில் இல்லை.

இத்தொழிலுக்குப் பேச்சு மொழிச் சிகிச்சை என்று பெயர். வயது வந்தும் பேசாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, அண்ணம் பிளந்து பிறந்த குழந்தை, திக்கிப் பேசுபவர், பாரிசவாதத்தால் பேச்சிழந்தவர், உணவை விழுங்க முடியாது புரையேறுபவர் யாவரும் இச்சிகிச்சையாளரிடம் வரவேண்டியவர்கள். இங்கே ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. மொழியே மருந்து, பயிற்சியே பத்தியம். இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான சாள்ஸ் வான் றைப்பர் தாமே கடுமையாகத் திக்கியவர். அவர் 1936இல் மிச்சிகன் மாநிலத்திலே பேச்சுச் சிகிச்சை நிலையம் நிறுவிப் பலருக்கு வழிகாட்டினார்.

நமது நாட்டில் இதன் வரலாறு என்ன? காது கேளாத பிள்ளைகளின் கல்விக்கு முதலில் வழி திறந்தவர்கள் மிஷனரிமார். மேரி சப்மன் என்னும் அம்மையார் 1912இல் தொடங்கிய பாடசாலையே இன்று இரத்மலானையில் இருப்பது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது. பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றும் வேலையோ மிகவும் பிந்தியது. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகமை மருத்துவ பீடத்திலே, லண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியின் துணையோடு, 1997இல் டிப்ளோமா வகுப்பு ஆரம்பமாயிற்று. 2008 முதல் அது நான்காண்டுப் பட்டப்படிப்பாக உயர்ந்தது. இந்தியாவிலே மைசூரில் அகில இந்தியப் பேச்சுக் கேட்டல் நிறுவனம் 1965இலேயே தோன்றிவிட்டது. நாம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிந்தினோம்.

தோழர்களே, இந்தத் தொழிலை மற்றத் தொழில்களினின்றும் பிரிக்கும் ஒன்று உண்டு. எலும்பு முறிந்தால் எந்த மொழி பேசும் வைத்தியரும் பொருத்திவிடுவார். பேச்சு முறிந்தால் நமது மொழி அறிந்தவரே பொருத்தவேண்டும். நமது சம்மாட்டியாரை ஓர் ஆஸ்பத்திரியிலே பார்த்த சிகிச்சையாளர் மிகவும் அன்பானவர், பொறுமையானவர். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. பேத்தி இடையில் நின்று மொழிபெயர்த்தாள். அவர் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்க, அவள் அதனைத் தமிழாக்கும்போது விடையையும் சேர்த்தே சொல்லிவிட்டாள்! பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? இதிலே எவர் மீதும் குற்றமில்லை. ஆள் இல்லாமையே குற்றம்.

தமிழ் தெரிந்தால் மாத்திரம் போதுமா? அதுவும் போதாது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு நாற்காலி. நமது பிள்ளைக்குக் கதிரை. அங்கே சோப்பு, இங்கே சவர்க்காரம். நமது பிள்ளை பாண் என்று சொன்னால், அங்கே எழுதிய வினாத்தாளில் அது பிழையாகக் கணக்கிடப்படலாம். நமது நாட்டுப் பேச்சிலே ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். அதனைக் குறைபாடென்று எண்ணிப் பிள்ளைக்குச் சிகிச்சை செய்யப் புகுந்தால், ஊர் முழுவதற்கும் அன்றோ சிகிச்சை செய்யவேண்டும்! வழக்கு எது, வழு எது என்று பிரித்தறிய ஊரறிவு வேண்டும். அதனோடு, இக்கரையிலே வீட்டில் தமிழும் சந்தையில் சிங்களமும் பேசுபவர் பலர். இரு மொழியாளர்க்கு நோயின் பின் இரண்டும் ஒரே அளவில் திரும்பும் என்பதும் இல்லை. ஆகவே சிங்களமும் அறிந்திருத்தல் நன்று.

இனி, இதனைப் பயில விரும்புவோர் செய்யவேண்டியதைச் சொல்லுவோம். வழி இரண்டு. உயர்தர வகுப்பில் இருக்கும் தம்பி தங்கையரே, உங்களுக்குக் கிட்டிய வழி றாகமை. அங்கே கற்பிப்பது ஆங்கிலத்தில். ஆதலின் ஆங்கிலத்தை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். அன்றிச் சென்னைக்கும் போகலாம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்திலே இப்பட்டப்படிப்பும் அதற்கு மேலான முதுமாணிப் படிப்பும் உண்டு. அங்குள்ள பெரிய நன்மை, நோயாளிகளிற் பலர் தமிழர். பயிற்சியே தமிழில் அமையும். இந்தியாவில் முதுமாணி வகுப்பிற் சேர, இதே துறையில் முதற்பட்டம் இருக்கவேண்டும் என்பதை மறவாதீர்கள்.

எம்மைப் போல வேறு பாடத்திலே முதற்பட்டத்திற்குப் படித்துக்கொண்டிருக்கும்போது இத்துறையின் அருமையை உணர்ந்தவர்க்கு இரண்டாவது வழி. அது மேல்நாட்டு வழி. இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பிற துறைப் பட்டதாரிகளுக்கென இரண்டாண்டு முதுமாணி வகுப்புகள் உண்டு. அமெரிக்காவிலே தொழில் செய்யவே முதுமாணிப் பட்டம் வேண்டும். அங்கே உயிரியல், பௌதிகம் அல்லது இரசாயனம், புள்ளிவிபரவியல், சமூக அல்லது நடத்தை விஞ்ஞானம் ஆகியவற்றில் முன்பே பாடம் கற்றிருத்தல் வேண்டும். பேச்சு கேட்டல் அடிப்படைப் பாடங்களும் கேட்பார்கள். இல்லாதவர் முதலில் அவற்றைக் கற்றுத்தீர்க்க வேண்டும். சான்றிதழ் பெற 400 மணித்தியாலப் பயிற்சி. அதில் 25 பார்த்திருத்தல், 375 நேரிற் செய்தல். விண்ணப்ப முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் வரும். ஆகவே ஓராண்டு முந்தியே தொடங்குதல் வேண்டும். மதிப்பெண் சான்று, ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு, எம்மை நன்கறிந்த ஆசிரியரிடமிருந்து இரண்டு அல்லது மூன்று கடிதங்கள் ஆகியவற்றைச் சேர்க்கவேண்டும். கடிதம் கேட்பதைக் கடைசி வாரத்திற்கு வைக்காதீர்கள். ஆசிரியர்க்கும் வீடு வாசல் உண்டு.

எல்லாவற்றிலும் கடினமானது நோக்கக் கூற்று. "ஏன் இப்படிப்பு? ஏன் நீர்?" என்பதற்கு ஒன்றிரண்டு பக்கத்தில் விடை. நாம் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றவர்கள். அந்த மிடுக்கிலே அழகான வாக்கியங்களாக அடுக்கினோம். சிறு வயது முதல் மனித குலத்திற்குச் சேவை செய்யும் தாகம் என்றெல்லாம் எழுதினோம். எழுதியதை எமது பழைய ஆசிரியையான அருட்சகோதரி ஒருவரிடம் காட்டினோம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளை, உன்னுடைய தெருவிலே பேச முடியாமல் இருப்பது யார்?" நாம் சம்மாட்டியாரைப் பற்றிச் சொன்னோம். "அதை எழுது" என்றார்.

அதை எழுதினோம். எழுதும்போதுதான் எமக்கே விளங்கிற்று. ஆங்கிலம் எமக்குக் கதவைத் திறக்கும். ஆனால் உள்ளே கொண்டுசெல்லத்தக்க பொருள் எமது கையில் முன்பே இருந்தது. அம்பாவும், கதிரையும், பாணும், சந்தைச் சிங்களமுமே அது. அவற்றை நாட்டுப்புறமென்று நாணி மறைக்கவே இவ்வளவு காலமும் முயன்றோம். விண்ணப்பிக்கும் தோழர்களே, அவற்றை மறையாதீர்கள். முதற் பந்தியிலே எழுதுங்கள்.

இங்கே பெரியோர் மனத்தில் எழும் கேள்வியை நாம் அறிவோம். எமது தந்தையாரே கேட்டார்: "போனவர்களில் எத்தனை பேர் வந்தார்கள்?" நியாயமான கேள்வி. அங்கே சம்பளம் பெரிது. இங்கே செலவுக்கு வாங்கிய கடனும் பெரிது. தனி மனிதரின் உறுதி மட்டும் இதற்கு ஈடுகொடாது. ஆகவே, திரும்புதலை நிபந்தனையாகக் கொண்ட புலமைப்பரிசில்களையே நாம் முதலில் நாடுகின்றோம். 1959இல் தொடங்கிய பொதுநலவாயப் புலமைப்பரிசில் ஒன்று. 1952 முதல் இலங்கையில் இயங்கும் புல்பிறைட் ஆணைக்குழுவினுடையது மற்றொன்று. அதிற் செல்பவர் தாய்நாட்டில் ஈராண்டு இருக்கவேண்டும் என்பது விதி. எந்தத் துறைகளுக்கு இடமுண்டு என்பதை அவ்வவ்வாண்டு அறிவித்தலிற் பார்த்துக்கொள்ளுங்கள். கயிறு கரையிற் கட்டியிருந்தால்தான் வலை கரைக்கு வரும். இதனை வலைக்காரர்க்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரியோர்களே, நாங்கள் படித்து வரும்வரை நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. குமரகுருபர சுவாமிகள் ஐந்து வயது வரை பேசாதிருந்தார் என்றும், பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்குக் கொண்டுசென்றார்கள் என்றும் வரலாறு கூறும். அவ்வரலாற்றைக் காட்டி, "பிந்திப் பேசுவான், விடு" என்று நாம் பிள்ளைகளை வீட்டில் இருத்திவிடுகின்றோம். அந்தப் பெற்றோர் பிள்ளையை மறைத்து வைக்கவில்லை, தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நாமும் நடக்கவேண்டும். இரண்டு வயதிலே இரு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையைக் காது பரிசோதனைக்குக் கொண்டுசெல்லுங்கள். திக்கும் பிள்ளையை இடைமறிக்காதீர்கள். அது சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். பாரிசவாதத்தாற் பேச்சிழந்தவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லாதீர்கள்; அவருக்கு எல்லாம் விளங்காவிட்டாலும் பெரும்பாலானது விளங்குகின்றது என்று எண்ணிப் பேசுங்கள்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பேச்சுப் போட்டி வைத்துப் பரிசளிக்கின்றீர்கள்; நாமும் வாங்கினோம். அப்பரிசுப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, இத்துறைக்கு விண்ணப்பிக்கும் ஓர் ஏழை மாணவரின் பரீட்சைக் கட்டணத்திற்கு உதவுங்கள். நன்றாகப் பேசுபவரைப் பாராட்டும் சங்கம், பேச இயலாதவர்க்கும் ஒரு வழி செய்தது என்ற பெயர் நிலைக்கும்.

எமது விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம். விடை இன்னும் வரவில்லை. அனுப்பிய அன்று மாலை சம்மாட்டியாரிடம் போய்ச் சொன்னோம். அவர் தமது அந்த ஒரே சொல்லைச் சொன்னார். வாழ்த்தோ, "கெதியாக வா" என்பதோ, அறியோம். அதனை அறியும் கல்வியைத் தேடியே புறப்படுகின்றோம்.